வேண்டாம் எந்தப் பக்கம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். அனுப்பத் தயாராக இருந்த ஒரு மென்பொருளை, ஒரு கமா தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி மூன்று நாள் நிறுத்திவைத்தவள். முதல் நாள் முறைத்தார்கள், இரண்டாம் நாள் கிண்டலடித்தார்கள், மூன்றாம் நாள் அவள் சொன்னதுதான் சரி என்று ஆனது. நன்றி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த முறை அவள் தலையில் விழுந்த வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்துடையது. பள்ளி விட்டபின் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் அங்கே வந்து இருப்பார்கள். மாலையில் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போவார்கள். யார் வந்தால் எந்தக் குழந்தையை அனுப்பலாம் என்பதெல்லாம் இதுவரை வாசல் காவலாளியின் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது. அவருக்கும் காய்ச்சல் வருமே, அவரும் ஊருக்குப் போவாரே என்று யாரோ ஒருவருக்குத் தாமதமாக உறைத்திருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை முதல் வாசலில் ஒரு டேப்லெட். குழந்தையின் எண்ணை அடித்தால், வரலாம் என்கிறவர்கள் பச்சையிலும் கூடாது என்கிறவர்கள் சிவப்பிலும் தெரியவேண்டும்.

கேட்க ரொம்பச் சுலபம். தகவலும் தயாராகத்தான் இருந்தது. குழந்தைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அவரவர் இஷ்டம். சிலர் கமா போட்டிருந்தார்கள், சிலர் சாய்கோடு, சிலர் ஒருவருக்குக் கீழே ஒருவராக. படிவம் திரும்பி வராத நாற்பது குழந்தைகளை டீச்சரே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "உன்னைக் கூட்டிப்போக யார் வரலாம்?" என்று கேட்டு, அது வாயில் வந்ததை வந்தபடியே தட்டச்சு செய்துவிட்டார். கடைசியில் பெற்றோரிடம் ஒரு தடவை காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வார்களாம்.

அந்த நாற்பதில் ஒன்று, எண் இருநூற்றுப் பதினேழு, கமாவின் வீட்டுக் குழந்தை. வேலையைக் கையில் வாங்கிய அன்றே அதை மேலாளரிடமும், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவரிடமும் சொல்லிவிட்டாள். படிவத்தைக் கொடுத்தனுப்ப மறந்தது அவள் கணவர். மறக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

பொண்ணுக்கு ஆறு வயது. பெற்றவள் அதன் மூன்றாவது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கமா அந்த வீட்டுக்குள் வந்து எட்டு மாதம் ஆகிறது. பொண்ணு முகம் சுளித்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் அவளை ஒன்றும் கூப்பிட்டதும் இல்லை. பெரியம்மாவை, அதாவது பெற்றவளின் அக்காவை, மாடியிலிருந்தே "பெரியம்மா!" என்று கத்திக் கூப்பிடும். கமாவிடம் தண்ணீர் கேட்கவேண்டும் என்றால் அறை அறையாகத் தேடி வந்து, எதிரே நின்று, அவள் நிமிர்ந்து பார்த்த பிறகு "தண்ணி வேணும்" என்று மொட்டையாகச் சொல்லும். தூரத்திலிருந்து கத்த அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. மற்றவர்களிடம் பேசும்போது "அவங்க". அவங்க குளிக்கறாங்க, அவங்க போன்ல பேசறாங்க. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் கமாவுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

காப்பகத்திலிருந்து தினமும் கூட்டிவருகிறவர் பெரியம்மா. அவருக்குத் திங்கட்கிழமை கண் ஆபரேஷன். கணவரோ ஞாயிற்றுக்கிழமை கிளம்பி ஒரு வாரம் வெளியூர் வேலையாகப் போகிறார். ஆக, முதல் தடவையாகக் கமா போய் நிற்கவேண்டும். வாசலில் விடுவார்களா என்ற கவலை இல்லை, கணவர் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். தன்னைப் பார்த்ததும் அந்தக் குழந்தையின் முகம் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வரியை எங்கே வெட்டவேண்டும் என்று கணினிக்குக் குறிகளால் எழுதிக்கொடுக்கும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அலுவலகத்தில் செல்லமாக ரீஜெக்ஸ். கமா வந்தாலும் வெட்டு, சாய்கோடு வந்தாலும் வெட்டு என்பதை [,/] என்று நாலே குறியில் முடித்துவிடலாம். கொஞ்சம் நீண்ட ரீஜெக்ஸாக இருந்தால் குழந்தை கையில் கீபோர்டு அகப்பட்டமாதிரி இருக்கும்.

முதல் தடவை கமா சோம்பேறித்தனமாக ஒன்று செய்தாள். எழுத்து அல்லாத எது வந்தாலும் வெட்டு என்பதற்கு ஆயத்தமாகவே ஒரு சுருக்கக்குறி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டாள். அந்தக் குறிக்கு நம் புள்ளியும் துணைக்காலும் எழுத்து என்று தெரியாது. பார்த்த இடத்தில் எல்லாம் வெட்டித் தள்ளியது. 'அம்மா' என்பது 'அம', 'ம' என்று இரண்டு துண்டு. தாத்தா மூன்று துண்டு. நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளில் அம்மா உள்ள குழந்தைகள் பூஜ்யம் என்று திரையில் வந்து நின்றது.

சோதனைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பட்டப்பெயர் குடைச்சல். தோண்டித் துருவித் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "அத்தனையும் அனாதையா போச்சேம்மா!" என்றார். கமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருநூற்றுப் பதினேழை நினைத்தாள். அந்த ஒரு வரியில் மட்டும் கணினி சொன்னது பொய் இல்லை.

அதைச் சரிசெய்தபின் அடுத்த தலைவலி 'உம்'. கமா போட்டு எழுதச் சொன்னால் நாம் எழுதுவோமா? "அப்பாவும் அத்தையும்" என்று வால் ஒட்டித்தான் எழுதுவோம். வெட்டவேண்டிய இடம் வார்த்தைகளுக்கு நடுவே இல்லை, வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் 'உம்' வந்தால் வெட்டு, மிச்சம் நிற்கும் வகரத்தையும் யகரத்தையும் உரித்துப் போடு என்று எழுதினாள். அழகாக வேலை செய்தது. ஆனால் 'வரட்ட' என்று ஓர் உறவுக்காரர் பதினேழு குடும்பங்களில் புதிதாக முளைத்தார். யாரப்பா இவர் என்று போய்ப் பார்த்தால், "பாட்டி வரட்டும்" என்பதன் வால் அறுந்த கதை. வரட்டும், போகட்டும், முடியும் எல்லாவற்றையும் முதலிலேயே ஓரம்கட்டினாள். உறவுச் சொற்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டு, அதில் 'அவங்க' என்பதையும் சேர்க்கவேண்டி வந்தது. பதினோரு அம்மாக்கள் "நானும் அவங்களும்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயரைப் படிவத்தில்கூடச் சொல்லமாட்டார்களாம்.

கடைசியாக 'வேண்டாம்'. காப்பகத்தின் அச்சடித்த படிவத்தில் மாதிரிக்காக இரண்டு வரி உண்டு. மேலே 'வேண்டும்:', கீழே 'வேண்டாம்:'. பெற்றோர் பாதிப் பேர் அதைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். ஆகவே 'வேண்டாம்' வந்தால், அதற்குப் பிறகு வருகிறவர் சிவப்பு. ஒரே வரி. எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டையும் மொத்தமாக ஓட்டிப் பார்த்தாள். பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் வரிசையாகத்தான் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். விரல் நேராக இருநூற்றுப் பதினேழை அடித்தது.

பச்சையில் 'அப்பா'. சிவப்பில் இரண்டு பேர், அதில் கடைசியாக 'அவங்க'.

கமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கென்று இருந்தது, பிறகு அவமானமாக இருந்தது, ஆறு வயதுக் குழந்தை சொன்னதற்கு அவமானப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. மூல வரியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு கமாவுக்காக மூன்று நாள் மல்லுக்கு நின்றவள். ஆனால் அந்தப் பதிலை எட்டு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவளும் அவள்தான். எதிர்பார்த்தபடி வந்துவிட்டதால் சந்தேகப்பட அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மாடிப்படி ஓரமாகப் போய் நின்று கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, திங்கட்கிழமை நான் போகல. உங்க சிநேகிதர் வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க பையனும் அங்கதானே இருக்கான், சேர்த்துக் கூட்டிட்டு வரட்டும்."

"ஏம்மா, லீவு கிடைக்கலயா?"

"லீவெல்லாம் கிடைக்கும். நான் வர்றது அவளுக்குப் பிடிக்கல. டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா. அவங்க வேண்டாம்னு."

"குழந்தைதானம்மா, ஏதோ சொல்லியிருக்கும்."

"குழந்தைங்கறதாலதான் சொல்றேன். பெரியவங்களா இருந்தா ஒப்புக்காவது என்னையும் சேர்த்திருப்பாங்க. இதைப் போய் அவகிட்ட கேட்டுத் துளைக்காதீங்க. நான் வரல, அவ்வளவுதான்."

"சரி, சாயந்திரம் பேசிக்கலாம்" என்றார். எதையும் சாயந்திரத்துக்குத் தள்ளுவதில் அவர் கெட்டிக்காரர்.

கமா முகம் கழுவிக்கொண்டு இடத்துக்குத் திரும்பினாள். மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. குடைச்சல்தான் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம், மூக்கு நுனியில் கண்ணாடி.

"கமா, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "நூத்தி நாப்பத்தி மூணைத் திறம்மா. தாத்தா சிவப்பு, மாமா பச்சைன்னு வருது. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, காப்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த மாமாவை வாசப்பக்கமே விடக்கூடாதுன்னு கோர்ட்ல எழுதி வாங்கி வச்சிருக்காங்களாம்."

கமா நூற்று நாற்பத்து மூன்றின் மூல வரியைத் திறந்தாள். அந்தக் குழந்தையின் அம்மா தெளிவாகத்தான் எழுதியிருந்தாள்: மாமா வேண்டாம், தாத்தா.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் குடைச்சல். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "உங்க வீட்டு இருநூத்திப் பதினேழு. பெரியம்மா சிவப்புல இருக்காங்களே. அவங்கதானே தினமும் வர்றவங்க? வீட்ல ஏதாவது சண்டையா?"

"பெரியம்மாவா?"

"நீ பாக்கலயா?"

பார்த்திருந்தாள். கண் பார்த்தது, அதற்கு மேல் போகவில்லை. 'அவங்க' என்ற ஒரே சொல்லைத்தான் காலையிலிருந்து மனசுக்குள் மென்றுகொண்டிருந்தாள். பெரியம்மாவை அந்தப் பொண்ணு வேண்டாம் என்று சொல்லுமா? பெரியம்மா மடியில் தலை வைக்காமல் தூங்காத பொண்ணு.

இருநூற்றுப் பதினேழின் மூல வரியைத் திறந்தாள். டீச்சர் ஒரு கமா விடாமல் அடித்துவைத்திருந்தார்.

அப்பாவும் வேண்டாம், பெரியம்மாவும் வேண்டாம், அவங்களே வரட்டும், அவங்கதான் அவசரப்படுத்த மாட்டாங்க.

கமா படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். குடைச்சல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் முன்னாடி பாக்காதும்மா" என்றார். "பின்னாடிதான் பாக்கும்."

இதைவிட எளிய தப்பு இருக்க முடியாது. அச்சடித்த படிவத்தில் 'வேண்டாம்' தலைப்பு, முன்னால் வரும். மனுஷர் வாயில் அது பின்னால்தான் வரும். காப்பி வேண்டாம், சண்டை வேண்டாம், நீ வேண்டாம். பிறந்ததிலிருந்து இதே பாஷையில் வாயாடிக்கொண்டிருப்பவள், ஒரு நாள்கூட 'வேண்டாம் காப்பி' என்று சொன்னது கிடையாது. அப்படிப்பட்டவள் அந்தச் சொல்லை முன்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அது காட்டிய ஆளைப் பார்த்துக் காலையெல்லாம் மனசு ஒடிந்து உட்கார்ந்திருக்கிறாள். கணவரிடம் போனில் சொல்லும்போது மட்டும் ஒழுங்காக, "அவங்க வேண்டாம்னு" என்று தானே மாற்றிப்போட்டுச் சொல்லியிருக்கிறாள். அப்போதுகூட உறைக்கவில்லை.

அவசரப்படுத்த மாட்டாங்களாம். தெருமுனைக் கடைக்குப் போகும்போது அந்தப் பொண்ணு பாதி வழியில் குந்தி உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்க்கும். பெரியம்மா என்றால் "எழுந்திருடி, நேரமாச்சு" என்று ஒரு அதட்டல். அப்பா என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். கமா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். பொறுமையால் இல்லை. அதட்ட நமக்கு உரிமை உண்டா, கையைப் பிடித்து இழுக்கலாமா என்று தெரியாத பயத்தால். அந்தப் பயத்தைத்தான் பொண்ணு இத்தனை நாளும் வேறு ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கமாவுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்க அது நேரம் இல்லை. நூற்று நாற்பத்து மூன்று இருக்கிறது, அது போல் எத்தனை என்று தெரியாது. 'வேண்டாம்' என்பதற்கு அடுத்து இரட்டைப்புள்ளி இருந்தால் அதற்குப் பிறகு வரும் ஆளைப் பிடி, இல்லாவிட்டால் தனக்கு முந்தின ஆளைப் பிடி என்று மாற்றி எழுதினாள். மறுபடியும் ஓட்டினாள். முப்பத்தொரு குழந்தைகளின் பட்டியல் மாறியது. முப்பத்தொன்றையும் மூல வரியோடு ஒன்றொன்றாக வைத்து, அவள் வாய்விட்டுப் படிக்க, குடைச்சல் டிக் அடித்தார். முடிக்கும்போது மணி நாலு. மேலாளரிடம் போய், தப்பு தன்னுடையது என்று தானே சொன்னாள். அவர் முகம் கறுத்தது, திங்கட்கிழமைக்கு முன்னால் தெரிந்ததே என்று பிறகு தேறியது.

"புது ரூல்படி உங்க வீட்டுக்காரர் உள்ள போக முடியாது, தெரியுமில்ல?" என்றார் குடைச்சல். "அப்பா சிவப்பு."

"ஒப்புதல் கேக்கறப்ப அவரே தன்னையும் பெரியம்மாவையும் பச்சைக்கு மாத்திக்குவார் சார். ஒரு நாளாவது சிவப்புல இருக்கட்டும்."

கணவருக்குத் திரும்பப் போன் போட்டாள்.

"ஏங்க, திங்கட்கிழமை நானே போறேன்."

"காலைல அவ வேண்டாம்னு சொன்னான்னியே?"

"சொன்னா. உங்களத்தான் சொல்லியிருக்கா."

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கமா காப்பக வாசலில் நின்றாள். காவலாளி டேப்லெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. ஒற்றை விரலால் எண்ணை அடித்தார்.

"இருநூத்திப் பதினேழு. மூணு பேர் பச்சை. அப்பா, பெரியம்மா, அப்புறம் அவங்கன்னு ஒருத்தங்க. நீங்க யாரும்மா?"

"அவங்க" என்றாள் கமா. சொன்ன பிறகு அசடு வழிந்தது.

"அது சரிம்மா. என்ன உறவுன்னு இதுல அடிக்கணும். அடிக்காட்டி அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

போகாதுதான். உறவு என்ற கட்டம் காலியாக இருந்தால் ஆளை விடாதே என்று வைத்தவளே அவள்தான். 'சித்தி' என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது ஊர் வைத்த சொல். அந்தப் பொண்ணு அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதன் சார்பில் தான் எப்படி அடிப்பது என்று கமா தயங்கி நின்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அதற்குள் பொண்ணு பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. வந்த இடத்திலேயே உட்கார்ந்து செருப்பு வாரைப் போட ஆரம்பித்தது. காவலாளிக்கு ஒரு வழி கிடைத்தது.

"பாப்பா, இவங்க யாரு?"

"எங்க அவங்க" என்றது பொண்ணு, தலையை நிமிர்த்தாமல்.

"எங்கயா? இதோ எதிர்லயே நிக்கறாங்களே."

பொண்ணு செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சலிப்பு முகத்தில்.

"அய்யோ, அந்த எங்க இல்ல. எங்க அப்பா, எங்க பெரியம்மான்னு சொல்றோமில்ல, அந்த எங்க. எங்க அவங்க."

காவலாளி அதைச் சொன்னபடியே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். கட்டம் ஏற்றுக்கொண்டது. கமாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. பின்னால் நாலு பேர் நின்று பார்க்கிறார்களே என்றுகூட அவள் துடைத்துக்கொள்ளவில்லை.